எஜமான் செத்த தேதியைத் தேடுங்கள்: அமெரிக்க அடிமைக் குடும்பங்களின் தடம் பிடிக்கும் வழி

என் தங்கை மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். அம்மா பக்கம் கும்பகோணம், தாத்தாவைக் கேட்டால் ஐந்து தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவார். அப்பா பக்கம் வர்ஜீனியா, கறுப்பினக் குடும்பம், அந்தக் கிளை மட்டும் 1870-இல் போய் முட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் அத்தை, "அதுக்கு மேல யாருக்கும் தெரியாது, விட்டுடுங்க" என்றார். விட மனசு வரவில்லை. இரண்டு வருடமாகச் சனிக்கிழமை சனிக்கிழமையாக உட்கார்ந்து தேடியதில் நான் கற்றதை எழுதுகிறேன், இதே சுவரில் முட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு உதவும்.

ஏன் 1870? 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. அதில் விடுதலை பெற்றவர்கள் எல்லோரையும் பெயர் போட்டு எழுதிய முதல் மத்திய அரசு மக்கள்தொகைக் கணக்கு 1870-இல் எடுத்ததுதான். அதற்கு முந்தைய 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை உண்டு. ஆனால் அதில் எஜமானின் பெயர் இருக்கும், அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, கறுப்பா கலப்பா என்று வரிசையாக இருக்கும், பெயர் இருக்காது. 1860-இல் இப்படி எண்ணப்பட்டவர்கள் 39,53,760 பேர். மிகச் சில இடங்களைத் தவிர ஒருவருக்கும் பெயர் இல்லை. அதே சமயம் அந்த வருடம் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பர்கள் 4,88,000 பேருக்கு மேல் இருந்தார்கள், அவர்கள் பெயர் சாதாரணக் கணக்கிலேயே வரும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுதந்திரமாக இருந்தவரை யாரோ ஒருவரின் சொத்துப் பட்டியலில் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அப்படியானால் பெயர் எங்கே இருக்கிறது? சொத்துக் காகிதங்களில். சட்டம் அவர்களைச் சொத்து என்று வைத்திருந்தது, சொத்துக்காரன் செத்தால், கடன் வாங்கினால், பெண்ணைக் கட்டிக்கொடுத்தால், அண்ணன் தம்பி சண்டை போட்டால் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்தில் காகிதம் உண்டாகும், அந்தக் காகிதத்தில் ஆடு மாடு கலப்பையோடு மனிதர்களின் பெயரும் ஏறும். நம் ஊரில் நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்த்து, தாய்ப்பத்திரம் வரை பின்னால் போகிறோம் இல்லையா, ஏறக்குறைய அதே வேலைதான். பத்திரத்தில் இருப்பது மனிதர்கள் என்பது மட்டும் வித்தியாசம், அந்த வித்தியாசம் முதல் நாள் ராத்திரி தூங்கவிடாது.

முதல் வேலை, எஜமான் யார் என்று பிடிப்பது. இதற்கு 1870-க்கு இந்தப் பக்கத்தை முழுதாக வேலை செய்து முடிக்க வேண்டும். 1880 கணக்கு குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று சொல்லும், 1870 சொல்லாது. 1900 கணக்கு பிறந்த மாதமும் வருடமும் தரும். இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்கலாம். வீட்டு ஆள்கள், தம்பி தங்கைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தனி ஆள் பெயரை வைத்துக்கொண்டு பின்னால் போக முடியாது. ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு போகலாம்.

எஜமான் பெயரை நேராகவே சொல்லும் ஆவணங்களும் சில உண்டு. அவை கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வர்ஜீனியாவில் 1866-இல் சேர்ந்து வாழும் தம்பதிகளைப் பதிவு செய்த புத்தகங்கள் சில கவுண்டிகளுக்கு மிஞ்சியிருக்கின்றன. கணவன், மனைவி, வயது, பிறந்த ஊர், கடைசி எஜமானின் பெயர், பிள்ளைகளின் பெயர், எப்போதிலிருந்து சேர்ந்து வாழ்கிறார்கள் என்பது வரை ஒரே வரியில். விடுதலை பெற்றவர்களுக்காக 1865-இல் தொடங்கி 1874-இல் திவாலான ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கியவர்களிடம் அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் பெயரெல்லாம் கேட்டு எழுதினார்கள். ஆரம்பகாலப் படிவங்களில் பழைய எஜமான், தோட்டம் என்று தனி வரியே இருந்தது. 29 கிளைகளின் பதிவேடுகள் மிஞ்சியிருக்கின்றன. விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மன்ஸ் பீரோவின் கூலி ஒப்பந்தங்களையும் பாருங்கள், விடுதலையான முதல் வருடம் பலர் பழைய எஜமானிடமே கூலிக்குக் கையெழுத்துப் போட்டார்கள், வேறு போக்கிடம் இல்லை. குடும்பத்தில் யாராவது 1861-65 உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்திருந்தால் ஓய்வூதியக் கோப்பை வரவழையுங்கள். அவருடைய விதவை தன் கல்யாணத்தை நிரூபிக்க, தன்னோடு அடிமையாக இருந்தவர்களையே சாட்சிக்கு அழைத்து வந்திருப்பார், "நாங்கள் இன்னார் தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தோம்" என்று அவர்கள் வாயாலேயே சொல்லியிருப்பார்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஊகம்தான். 1870-இல் உங்கள் குடும்பத்துக்குச் சுற்றிலும் இருக்கும் வெள்ளைக்காரர்களில் நிலமதிப்பு அதிகமாக இருப்பவர்களை எழுதுங்கள், அதே ஆள்கள் 1860-இல் எங்கே இருந்தார்கள், அடிமை அட்டவணையில் அவர்கள் பெயருக்குக் கீழே உங்கள் ஆள்களின் வயதுக்குப் பொருந்தும் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த அட்டவணை எதையும் நிரூபிக்காது. ஆள்களைக் கழிக்கத்தான் உதவும்.

குடும்பப் பெயரை நம்பலாமா? பாதி நம்பலாம். கடைசி எஜமானின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு, ஆனால் அதற்கு முந்தைய எஜமானின் பெயரையோ, அப்பா இருந்த இடத்து எஜமானின் பெயரையோ தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் வைத்திருந்து, விடுதலையானதும் வெளியே சொன்னவர்கள் ஏராளம். நான் எட்டு மாதத்தை இதில்தான் தொலைத்தேன். குடும்பப் பெயர் உள்ள வெள்ளைக்காரர் அதே கவுண்டியில் இருந்தார், அவர் காகிதங்களையெல்லாம் தோண்டினேன், ஒன்றும் இல்லை. கடைசியில் பார்த்தால், அவருடைய சித்தப்பா மகள் கல்யாணமாகிப் பக்கத்துக் கவுண்டிக்குப் போனபோது சீதனமாக ஆள்களையும் கொண்டு போயிருக்கிறாள். கடைசி எஜமானுக்கு வேறு பெயர். அவளுடைய புருஷன் பெயர்.

சரி, எஜமான் என்று ஒருவரைப் பிடித்தாயிற்று. இனி அவர் எப்போது செத்தார் என்று பாருங்கள். 1865-க்கு முன்னால் செத்திருந்தால் நல்லது. சொல்லக் கூசுகிறது, ஆனால் இந்தத் தேடலில் அப்படித்தான் யோசிக்கப் பழகுவீர்கள். போருக்குப் பிறகு செத்திருந்தால் அவர் உயிலில் ஆள்கள் இருக்கமாட்டார்கள், அப்போது அவருடைய அப்பாவின், மாமனாரின், மூத்த அண்ணனின் சாவைத் தேட வேண்டும். எஜமானின் வம்சாவளியை உங்கள் சொந்த வம்சாவளிபோல மூன்று தலைமுறைக்குப் போடுங்கள். அலுப்பாக இருக்கும், யாருடைய குடும்பத்தைத் தேடுகிறோம் என்று கோபம்கூட வரும். வேறு வழியில்லை, உங்கள் ஆள்கள் அந்தக் குடும்பத்தின் கைகளுக்குள்தான் மாறி மாறிப் போனார்கள்.

பலர் செய்யும் தவறு, உயிலைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வது. உயில் என்பது செத்தவரின் ஆசை மட்டும்தான். நடந்தது என்ன என்பது அதற்குப் பின்னால் வரும் காகிதங்களில் இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் உயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1826 ஜூலை 4-இல் இறந்தார், உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை. அதில் ஒருவர் கொல்லர் ஜோ ஃபாசெட். உயிலோடு நிறுத்தினால் ஃபாசெட் குடும்பம் விடுதலையானது என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆனால் ஜெஃபர்சன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் வைத்துவிட்டுப் போயிருந்தார். 1827 ஜனவரியில் அவருடைய தோட்டமான மான்டிசெல்லோவில் 130 பேரை ஏலம் விட்டார்கள். ஜோவின் மனைவி ஈடித்தும் அவர்களுடைய பிள்ளைகளும் ஏலத்தில். வாங்கியவர்கள் வெவ்வேறு ஆள்கள். மகன் பீட்டருக்கு 11 வயது. ஜோவுக்கு விடுதலை நடைமுறைக்கு வந்தது அந்த ஏலத்துக்கு ஆறு மாதம் கழித்து. பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அறிய வேண்டுமானால் யார் வாங்கினார்கள் என்ற கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒரு சாவுக்குப் பின்னால் வரும் காகிதங்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். சொத்தை நிர்வகிப்பவர் கொடுக்கும் ஜாமீன் பத்திரம், சொத்து மதிப்பீட்டுப் பட்டியல், ஏலக் கணக்கு, வருடாந்திர வரவுசெலவு, பாகப்பிரிவினை, மைனர் பிள்ளைகளின் கார்டியன் கணக்கு, கடைசித் தீர்வு. இவை ஒரே புத்தகத்தில் இருக்காது. ஒரு சாவின் கணக்கு பதினைந்து இருபது வருடம் இழுத்துக்கொண்டு போகும், கடைசிக் குழந்தை மேஜராகும் வரை.

இவற்றில் மதிப்பீட்டுப் பட்டியலில்தான் நான் அதிக நேரம் உட்காருவேன். நீதிமன்றம் நியமித்த அக்கம்பக்கத்துக்காரர்கள் மூன்று நான்கு பேர் வீட்டுக்கு வந்து, இருப்பதையெல்லாம் விலை போட்டு எழுதிய பட்டியல் அது. மாதிரிக்கு இப்படி இருக்கும்: ஒரு சிவப்புப் பசுவும் கன்றும், ஒரு பழைய வண்டி, சாம், ஹாரி, ஹன்னாவும் குழந்தையும், பையன் நெட், கிழவி டில்சி. டில்சிக்கு எதிரே பூஜ்யம். சில பட்டியல்களில் பூஜ்யத்துக்கும் கீழே போய், பராமரிப்புச் செலவு என்று கழித்தல் தொகைகூடப் போட்டிருப்பார்கள். முதல் தடவை நிதானமாகப் படித்துவிட்டு எழுந்து ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். இரண்டாவது தடவை துப்பறிகிற கண்ணோடு படியுங்கள். வரிசை எப்படி இருக்கிறது? ஆண்கள் முதலில், பெண்கள் அடுத்து, பிள்ளைகள் கடைசியில் என்று இருந்தால் வரிசையில் செய்தி குறைவு. ஒரு ஆண், ஒரு பெண், அப்புறம் இறங்குமுகமாக நான்கு பிள்ளைகள், மறுபடி ஒரு பெண் என்று போனால் அது குடிசை குடிசையாக எழுதியது, அதாவது குடும்பங்கள். "ஹன்னாவும் குழந்தையும்" என்று ஒரே விலையில் வந்தால் அது கைக்குழந்தை, இன்னும் பெயர்கூட எழுதப்படாதது. வயது போடாத பட்டியலில் விலையை வைத்து வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம், இளவயது ஆண்களுக்கு உச்சம், சின்னப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் குறைவு. எழுதும்போது அவர்கள் போட்ட வரிசையைக் கலைக்காமல் அப்படியே நகலெடுங்கள், அகர வரிசைப்படி அடுக்கிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

பாகப்பிரிவினையும் அதேபோல. பிள்ளைகள் ஐந்து பேர் என்றால் ஆள்களை விலை பார்த்து ஐந்து பங்காகப் பிரிப்பார்கள், ஒரு பங்கு கொஞ்சம் கனமாக இருந்தால் அந்த வாரிசு மற்றவருக்குப் பணம் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டும். ஒரே குடிசைக்காரர்கள் மூன்று பங்கில் போய் விழுவது சாதாரணம். இனி நீங்கள் பின்தொடர வேண்டியது ஐந்து பேரை. அதில் மகள்களை விட்டுவிடாதீர்கள், அவர்களுடைய கல்யாணப் பதிவைப் பார்த்துப் புதிய குடும்பப் பெயரைக் கண்டுபிடியுங்கள், அடுத்த பட்டியல் மருமகன் பெயரில்தான் வரும். மைனர் பிள்ளைகளின் பங்கில் விழுந்தவர்களை வருடா வருடம் ஜனவரி முதல் தேதி வாடகைக்கு விடுவார்கள், கார்டியன் கணக்கில் "நெட், இன்னாருக்கு, இத்தனை டாலர்" என்று வருடம் தவறாமல் எழுதியிருக்கும். ஒரு சிறுவன் வளர்வதை அந்த வாடகைத் தொகை ஏறுவதை வைத்தே பார்க்கலாம்.

விதவையின் பங்கு தனிக் கதை. உயில் இல்லாமல் புருஷன் செத்தால் வர்ஜீனியாவில் மூன்றில் ஒரு பங்கு அடிமைகள் விதவையின் ஆயுள் வரைக்கும் அவள் அனுபவத்தில் இருப்பார்கள், அவள் செத்ததும் முதல் புருஷனின் வாரிசுகளுக்குத் திரும்பிப் போவார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் தோட்டத்தில் 1799-இல் 317 பேர் இருந்தார்கள். அதில் 123 பேர்தான் வாஷிங்டனுக்குச் சொந்தம். 153 பேர் அவர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமல் செத்ததால் இப்படி வந்தவர்களும் அவர்களுடைய சந்ததியினரும்; மிச்சப் பேர் வாடகைக்கு எடுத்தவர்கள். வாஷிங்டன் உயிலில் தன் ஆள்களுக்கு விடுதலை கொடுத்தார், 1801 ஜனவரி 1-இல் மார்த்தா அதை நடத்தியும் வைத்தார். கஸ்டிஸ் ஆள்களை அவர் நினைத்தாலும் விடுவித்திருக்க முடியாது. இரண்டு கூட்டமும் ஒருவருக்கொருவர் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள், ஒரே வீட்டில் அப்பா சுதந்திரம், அம்மாவும் பிள்ளைகளும் அடிமை. 1802-இல் மார்த்தா இறந்ததும் அவர்கள் கஸ்டிஸ் பேரப்பிள்ளைகளுக்குப் பிரிந்து போனார்கள். உங்கள் ஆள் ஒரு பட்டியலில் இருந்து திடீரென்று காணாமல் போய், முப்பது வருடம் கழித்து வேறொரு பெயருள்ள குடும்பத்தில் தோன்றினால், நடுவில் ஒரு விதவை இருந்தாளா என்று பாருங்கள்.

அப்பாவைவிட அம்மா வழியில் தேடுவது எளிது. 1662-இலேயே வர்ஜீனியா சட்டம் போட்டுவிட்டது, பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று. அதனால் தாய் யாருடையவளோ பிள்ளையும் அவனுடைய சொத்து, காகிதமும் தாயைத்தான் சுற்றும். மகளுக்கு எழுதும் தானப் பத்திரத்தில் "ஹன்னா என்ற பெண்ணும் அவளுடைய வருங்காலப் பெருக்கமும்" என்று வரும். பெருக்கம் என்றால் இன்னும் பிறக்காத பிள்ளைகள். ஆங்கிலத்தில் 'இன்கிரீஸ்'. அந்தச் சொல்லைத் தேடலில் போட்டுப் பாருங்கள். அப்பா பக்கத்துத் தோட்டத்து ஆளாக இருக்கலாம், சனி இரவு வந்து ஞாயிறு போகிறவராக. அவர் பெயர் 1866 பதிவேட்டிலோ வங்கிப் படிவத்திலோதான் வரும். வர்ஜீனியாவில் 1853-இலிருந்து பிறப்புப் பதிவேடு உண்டு, அடிமைக் குழந்தை என்றால் தாயின் பெயரும் எஜமானின் பெயரும் இருக்கும், அப்பாவின் கட்டம் காலி.

பத்திரப் புத்தகங்களில் ஒரு தொல்லை, அட்டவணையில் விற்றவர் வாங்கியவர் பெயர் மட்டும்தான் இருக்கும், எது நிலம் எது மனிதர் என்று எழுதியிருக்காது. ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். அடமானப் பத்திரங்களைத் தவறவிடாதீர்கள். கடன் கொடுப்பவன் உஷாரானவன், எந்த ஆளை ஈடு வைக்கிறார்கள் என்று பெயர், வயது எல்லாம் எழுதி வாங்கியிருப்பான். வாரிசுச் சண்டை வழக்குகள் இன்னும் மேல். இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்த்த சான்சரி நீதிமன்றக் கோப்புகளில் சாட்சிகள் பத்துப் பக்கம் பேசுவார்கள், யார் யாருடைய பிள்ளை என்பது வரை. வர்ஜீனியா நூலகம் இந்த வழக்குகளின் அட்டவணையையும் நிறையக் கோப்புகளின் படங்களையும் இலவசமாக வைத்திருக்கிறது, 'வர்ஜீனியா அன்டோல்ட்' என்ற பெயரில் கறுப்பினத்தவர் தொடர்பான ஆவணங்களைத் தனியாகவும் திரட்டியிருக்கிறது.

வீட்டிலிருந்தே தேட ஃபேமிலிசர்ச் என்ற இணையதளம் போதும், இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். 2024-இல் அவர்கள் கொண்டுவந்த முழுவாசகத் தேடல் இந்த வேலையைத் தலைகீழாக மாற்றிவிட்டது, பழைய கையெழுத்தை இயந்திரமே படித்து வைத்திருக்கிறது. எஜமானின் குடும்பப் பெயரோடு உங்கள் ஆளின் முதல் பெயரைச் சேர்த்துப் போடுங்கள், கவுண்டியை மட்டும் கட்டுப்படுத்துங்கள். 'ஸ்லேவ்' என்று மட்டும் தேடாதீர்கள், காகிதங்களில் பெரும்பாலும் 'நீக்ரோ', 'சர்வன்ட்', 'ஹேண்ட்ஸ்' என்றுதான் இருக்கும். 'பாய்' என்று எழுதியிருந்தால் சிறுவன் என்று நினைத்துவிடக் கூடாது, அது வளர்ந்த ஆளாகவும் இருக்கலாம். பாலி என்பவள் இன்னொரு தாளில் மேரி, பாட்ஸி மார்த்தா, பெட்ஸி எலிசபெத். இயந்திரம் தப்பாகவும் படிக்கும், அதனால் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் ஆகவேண்டும்.

கவுண்டி எல்லை மாறியதா என்றும் பாருங்கள். குடும்பம் அசையாமல் ஒரே இடத்தில் இருந்திருக்கும், கவுண்டி பிரிந்திருக்கும். லூசியானாவில் கவுண்டி கிடையாது, பாரிஷ் என்பார்கள், விற்பனை எல்லாம் நோட்டரி முன்னால். கிழக்கு வர்ஜீனியாவில் சில கவுண்டிகள் பத்திரமாக இருக்கட்டும் என்று தங்கள் பழைய காகிதங்களை ரிச்மண்டுக்கு அனுப்பின, 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது அவையும் எரிந்தன. அப்படிப்பட்ட கவுண்டி என்றால் பக்கத்துக் கவுண்டியில் எஜமானுக்கு நிலமோ வழக்கோ இருந்ததா என்று பாருங்கள்.

மாநிலம் விட்டு மாநிலம் விற்கப்பட்டிருந்தால் கப்பல் பட்டியல்கள் கை கொடுக்கலாம். 1808-க்குப் பிறகு கடற்கரை வழியாக அடிமைகளைக் கொண்டுபோனால் பெயர், வயது, உயரம் எழுதிய பட்டியல் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1838-இல் மேரிலாந்து ஜேசுயிட் பாதிரிகள் 272 பேரை லூசியானாவுக்கு விற்றார்கள், பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனுக்குப் போனது. விற்பனை ஒப்பந்தம், கப்பல் பட்டியல், ஞானஸ்நானப் பதிவு மூன்றும் மிஞ்சியதால்தான் இன்று அவர்களுடைய ஆயிரக்கணக்கான சந்ததியினரைக் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. உங்கள் தேடலில் இப்படி மூன்றும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இடையில் ஒரு வார்த்தை. இதே மாதிரிப் பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலும் இருக்கின்றன. டச்சுக்காரர்கள் காலத்தில் செத்தவர்களின் சொத்துப் பட்டியலில் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் 'ஃபான் கோரமண்டல்', அதாவது கோரமண்டலைச் சேர்ந்தவர் என்று வரும். கோரமண்டல் நம் சோழமண்டலக் கரைதான். அந்தப் பக்கம் நான் இன்னும் போகவில்லை.

கடைசியாக நிரூபணம். 1848 பட்டியலில் ஒரு ஹன்னா, 1870-இல் ஒரு ஹன்னா, இருவரும் ஒருவரே என்று துள்ளாதீர்கள். ஹன்னாக்கள் தெருவுக்கு இரண்டு பேர். ஹன்னா, நெட், டில்சி, ஐசக் என்று நான்கு பெயரும் ஏறக்குறைய சரியான வயது இடைவெளியில் இரண்டு இடத்திலும் சேர்ந்து வந்தால் அது கணக்கு. வயதில் ஐந்து பத்து வருடம் முன்னே பின்னே இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், பிள்ளைகளின் மூப்பு வரிசை மாறினால் சந்தேகப்படுங்கள். தேடிக் கிடைக்காத புத்தகங்களையும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதையே மறுபடி புரட்டுவீர்கள், நான் புரட்டினேன். அப்புறம், பட்டியலில் உங்கள் ஆள் அல்லாத மற்றவர்களின் பெயரையும் தட்டச்சு செய்து பொதுவில் ஏற்றிவிடுங்கள். இருபது பேரில் உங்களுக்கு மூன்று பேர்தான் சொந்தம், மற்ற பதினேழு பேரை யாரோ எங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டு மரத்தில் இப்போது 1870-க்கு மேலே இரண்டு கட்டங்கள் கூடியிருக்கின்றன. ஒரு அம்மா, அவளுடைய அம்மா. அம்மாவைப் பேனாவால் எழுதியாயிற்று. மேலே உள்ளவளைப் பையன் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறான், ஒரு கார்டியன் கணக்கு இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது, அது இன்னும் படமெடுக்காத காகிதக் கட்டுக்குள் இருக்கிறதாம். பள்ளி லீவு விட்டதும் கோர்ட்டுக்குக் காரில் போகிறோம், அழிரப்பரையும் எடுத்துக்கொண்டு.